450 ஹெலி: பிளேடு ட்ராக்கிங் ஒவ்வொரு ஸ்பூலுக்கும் மாறுகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். என்னுடையது 450 அளவு ரிமோட் ஹெலிகாப்டர், ஃப்ளைபார்லெஸ் (சமநிலைத் தண்டு இல்லாத) வகை, 325 மி.மீ. கார்பன் பிளேடு. போன ஞாயிறு தரையிறக்கும்போது ஸ்கிட் புல்லில் மாட்டிச் சாய்ந்துவிட்டது. பிளேடு இரண்டையும் மெயின் ஷாஃப்டையும் (நடுவில் செங்குத்தாக நிற்கும் தண்டு) மாற்றினேன். இப்போது ஸ்பூல் செய்தால் (பறக்காமல் பிளேடை வேகமாகச் சுழற்றினால்) ட்ராக்கிங், அதாவது இரண்டு பிளேடும் ஒரே மட்டத்தில் ஓடுவது, சரியாக இல்லை; பக்கவாட்டில் பார்த்தால் சுழலும் தட்டு ஒரே கோடாக இல்லை, நுனியில் ஒரு விரல் இடைவெளியில் இரண்டு கோடாகத் தெரிகிறது. சிவப்பு டேப் ஒட்டிய பிளேடு மேலே இருந்தது. அதன் லிங்க்கை (பிளேடின் சாய்வை மாற்றும் சிறு கம்பி) ஒரு சுற்று திருப்பினேன், சரியானது. பேட்டரி மாற்றி மறுபடி ஸ்பூல் செய்தால் நீல டேப் மேலே! மூன்று நாளாக இதே கதை. வாலும் நடுங்குகிறது.

பதில் 1:
லிங்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள், ஒரு இடத்தில் சரியாக நிற்கும். லிங்க் நுனியில் உள்ள பந்து இணைப்பு (பால் லிங்க்) தேய்ந்து ஆட்டம் இருந்தாலும் இப்படி வரும், கையால் அசைத்துப் பாருங்கள்.

பதில் 2:
தம்பி, லிங்க்கை இனித் தொடவேண்டாம். மோட்டார் ஒயர் மூன்றில் இரண்டைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கை நடுவில் வைத்து, இரண்டு பிளேடுக்கும் பிட்ச் கேஜ் (பிளேடின் சாய்வுக் கோணத்தை அளக்கும் கருவி) போட்டு அளவு சொல்லுங்கள். இன்னொன்று, ட்ராக்கிங் பார்க்கும்போது எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்?

கேட்டவர்:
கேஜ் போட்டேன் அண்ணா. நீலம் 0, சிவப்பு 0.5 டிகிரி குறைவு. நான் திருப்பிய ஒரு சுற்றைத் திரும்ப எடுத்ததும் இரண்டும் 0. லிங்க்கில் ஆட்டம் இல்லை. மொட்டை மாடியில் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறேன்.

பதில் 2:
முதலில் அந்த இரண்டு மீட்டர். 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) உங்கள் பிளேடு நுனி மணிக்கு 330 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ட்ராக்கிங் பார்க்க நம் கண்ணைத் தட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோகிறோம், அதாவது பிளேடு கழன்றால் நேராக வரும் பாதையில் முகத்தை வைக்கிறோம். விழுந்து எழுந்த ஹெலி என்றால் இன்னும் மோசம். திறந்த வெளியில் பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சுற்றிலும் ஆள் வேண்டாம். டேப் நிறம் தெரியாவிட்டால் போன் கேமராவைப் பக்கத்தில் நிறுத்தி வீடியோ எடுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இனி விஷயம். இரண்டு பிளேடும் 0 காட்டுகிறது, சுற்றினால் பிரிகிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக. லிங்க் நீளம்தான் தவறு என்றால் தினமும் ஒரே பிளேடுதான் மேலே நிற்கும். எனக்கு ஸ்பிண்டில் (இரண்டு பிளேடையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) மேல்தான் சந்தேகம். அது ரோட்டர் ஹெட்டுக்குள் டேம்பர் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. வளைந்த ஸ்பிண்டில் அங்கே கொஞ்சம் உருண்டு நின்றாலே வளைவின் திசை மாறிவிடும், ட்ராக்கிங்கும் கூடவே மாறும். மெயின் ஷாஃப்டை மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கழற்றி முகம் பார்க்கும் கண்ணாடி மேல் உருட்டுங்கள்.

கேட்டவர்:
உருட்டினேன். கண்ணால் பார்த்தால் நேராகத்தான் இருந்தது. ஆனால் உருளும்போது நடுவில் ஒரு மயிரிழை வெளிச்சம் வந்து வந்து போகிறது.

பதில் 2:
அதேதான். நிமிர்த்தப் பார்க்காதீர்கள், புதிது போடுங்கள். த்ரஸ்ட் பேரிங்கை (பிளேடு வெளியே இழுக்கும் விசையைத் தாங்குவது) திருப்பி மாட்டிவிடாதீர்கள்: பெரிய துளை வாஷர் ஹெட் பக்கம், சிறிய துளை வாஷர் வெளிப்பக்கம், நடுவில் கிரீஸ். போல்ட்டுக்கு நீல லாக்டைட் (போல்ட் தானாகக் கழலாமல் இருக்கப் போடும் பசை), பேரிங்கில் படாமல். பிளேடு போல்ட்டை இறுக்கி முறுக்கவேண்டாம். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிளேடு நிற்கவேண்டும், லேசாக உலுக்கினால் மடங்கவேண்டும்.

அதற்கு அப்புறமும் இடைவெளி இருந்தால் மட்டும் லிங்க். கேஜில் 0-இலிருந்து விலகியிருக்கும் பிளேடைத்தான் திருத்தவேண்டும். நீட்டினால் பிட்ச் கூடுமா குறையுமா என்பது ஹெட்டுக்கு ஹெட் மாறும், கேஜைப் பார்த்துத் திருப்புங்கள்.

கேட்டவர்:
அண்ணா, புது ஸ்பிண்டில் போட்டு இன்று காலை மைதானத்தில் ஸ்பூல் செய்தேன். சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஊதா நிறத்தில் ஒரே கோடு! மூன்று பேட்டரி மாற்றியும் அசையவில்லை. லிங்க்கைத் தொடவே இல்லை. வால் நடுக்கமும் போய்விட்டது. ரொம்ப நன்றி.

பதில் 2:
மகிழ்ச்சி தம்பி. இரண்டு பறப்பு முடிந்ததும் ஸ்பிண்டில் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.