மோட்ஸ்லி முறை: பிள்ளையின் தட்டைப் பெற்றோர் கையில் கொடுத்தது சரிதானா?

தேன்சிட்டு:
சாப்பிட மறுத்து உடலை உருக்கும் அனரெக்சியா நோய்க்கு 1870களில் அந்தப் பெயரை வைத்தவர் லண்டன் மருத்துவர் வில்லியம் கல். நோயாளியைக் கவனித்துக்கொள்ள உறவினர்களைப் போல மோசமானவர்கள் இல்லை என்று அவரே எழுதினார். பாரிசில் நரம்பியல் மருத்துவர் சார்கோவும் நோயாளிகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார். அப்புறம் நூறு வருடம் அம்மாக்கள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். அவர்களை இறக்கிவிட்டது லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனைக் குழு. நோய் எதனால் வந்தது என்று குடும்பத்தைத் துருவ வேண்டாம், பிள்ளையைச் சாப்பிட வைக்கும் பொறுப்பை அப்பா அம்மாவிடமே கொடுப்போம் என்றார்கள். இளம்பருவ மனநல மருத்துவத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை.

கரிசல்:
பெருமை முழுவதையும் லண்டனுக்குக் கொடுக்க முடியாது. பிலடெல்பியாவில் குடும்ப சிகிச்சையாளர் சால்வடார் மினுச்சின் 1970களிலேயே மொத்தக் குடும்பத்தையும் மேசையைச் சுற்றி உட்கார வைத்து, சாப்பாடு பரிமாறி, அங்கேயே சிகிச்சை நடத்தினார். 53 பேரில் சுமார் 86 சதவீதம் தேறியதாக 1978ல் வெளியிட்டார். மோட்ஸ்லி முறையின் இரண்டாவது சந்திப்புக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வார்களே, அந்த வழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

தேன்சிட்டு:
மேசை அவருடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒருவரை ஒருவர் அளவுக்கு மீறிப் பொத்திப் பாதுகாக்கும், சண்டையைத் தவிர்க்கும் குடும்பம்தான் இந்த நோயை வளர்க்கிறது என்று அவரும் நம்பினார். ஒப்பிட இன்னொரு குழுவையும் அவர் வைக்கவில்லை. அதை முதலில் செய்தது மோட்ஸ்லியின் ரசல், டேர், ஐஸ்லர் குழு. 1987ல் வெளியான அந்த ஆய்வில், மருத்துவமனையில் எடை ஏற்றி அனுப்பிய 80 பேரைக் குலுக்கல் முறையில் குடும்ப சிகிச்சைக்கும் தனிநபர் சிகிச்சைக்கும் பிரித்தார்கள். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் குடும்ப சிகிச்சையின் பலன் நிலைத்திருந்தது.

கரிசல்:
யாருக்கு நிலைத்திருந்தது என்பதையும் சொல்லுங்கள். 19 வயதுக்கு முன்னால் நோய் தொடங்கி, மூன்று வருடம் தாண்டாதவர்களுக்கு. அந்தப் பிரிவில் மொத்தமே 21 பேர். பிறகு லாக், லெ கிராஞ்ச் என்ற ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்டிலும் சிகாகோவிலும் 121 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2010ல் வந்தது. சிகிச்சை முடிந்து ஒரு வருடத்தில் முழுதாகத் தேறியவர்கள் குடும்ப சிகிச்சையில் 49 சதவீதம், தனிநபர் சிகிச்சையில் 23. வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் மீதிப் பாதிப் பேருக்கு என்ன பதில்? சாப்பாடு ஊட்டும் போராட்டத்தில் அந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்க யாருக்கு நேரம் இருக்கிறது?

அல்லிக்குளம்:
அந்த வீட்டுக்குள் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். என் மகளுக்கு அப்போது 14 வயது. ஒரு இட்லிக்கு ஒன்றரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவள் அழுவாள், நான் கத்துவேன், பிறகு நானும் அழுவேன். நோய் வேறு, பெண் வேறு என்று சிகிச்சையாளர் சொன்ன பிறகுதான் என் கோபம் அவளை விட்டு நகர்ந்தது. கரிசல் ஐயா கேட்டது எனக்கும் அன்று இருந்த கேள்விதான்.

கரிசல்:
அம்மா, நீங்கள் சொன்ன கத்தலைப் பற்றியே ஐஸ்லர் குழு 2000ல் எழுதியிருக்கிறது. அம்மா அதிகம் குறை சொல்லும் வீடுகளில், பெற்றோரையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்த்தபோது பலன் கூடியது. மெல்போர்னில் 2016ல் வந்த ஆய்விலும் பெற்றோரை மட்டும் சந்தித்த குழுவில் சிகிச்சை முடிவில் அதிகம் பேர் தேறினார்கள். எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைப்பதுதான் உயிர்நாடி என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

தேன்சிட்டு:
அறை மாறியது, பொறுப்பு பெற்றோரிடம்தானே இருந்தது? நான் வாதாடுவது அதற்காகத்தான்.

அல்லிக்குளம்:
பொறுப்பு எங்களிடமே இருந்துவிடவும் இல்லை. எடை ஏறியதும் சிகிச்சையின் இரண்டாம் கட்டத்தில் சாப்பாட்டை மெல்ல மெல்ல அவள் கையில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் மாலைப் பலகாரம் மட்டும். மூன்றாம் கட்டத்தில் சாப்பாட்டுப் பேச்சே குறைந்து, பள்ளி, தோழிகள் என்று அவள் பேசினாள். ஐயா, அவளிடம் கேட்க நேரம் அப்போதுதான் கிடைத்தது. இன்னும் முன்னாலேயே கேட்டிருக்கலாம் என்று இன்று அவள் சொல்கிறாள்.