வுல்லி மார்பிள்ஸ்: 'குட்டைப்பூளை' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் வுல்லி மார்பிள்ஸ் எனப்படும் சைலோகார்ஃபஸ் பிரெவிசிமஸ் என்ற சிறுசெடிக்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில், 'கம்பளிக்கோலி' என்ற பெயரை ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். வுல்லி மார்பிள்ஸ் என்பதற்கு நேர்ச்சொல்தான். ஆனால் கம்பளி என்றால் நமக்குப் போர்வை நினைவுக்கு வரும். கோலி என்றால் வழவழப்பு. செடியைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒட்டாது.

போன ஏப்ரலில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகருக்கு வெளியே, நீர் வற்றி வெடிக்கத் தொடங்கியிருந்த களிமண்ணில் மண்டியிட்டுப் பார்த்தேன். சுண்டைக்காய்ப் பருமனில் சாம்பல் பூத்த பஞ்சுருண்டை, அதைத் தாங்கினாற்போல் சில சிற்றிலைகள், அவ்வளவே செடி. சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் இதழ் விரிந்த பூ கண்ணில் படாது. உருண்டையைப் பிரித்தால் ஒவ்வொரு விதையும் தனித்தனியே பஞ்சு மூடிய உமிக்குள் ஒடுங்கியிருக்கிறது. குடும்பத்தில் பலவற்றுக்கும் உள்ள, விதை காற்றில் பறக்க உதவும் 'பாப்பஸ்' என்ற மயிர்க்கற்றை இதற்கு இல்லை.

பஞ்சு போர்த்த பூங்கொத்துக்கு நம்மிடம் பூளை என்ற சொல் இருக்கிறதே! கொங்குப் பக்கம் பொங்கலுக்கு வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துக் காப்புக் கட்டுவது சிறுபூளையைத்தான். ஆகவே 'குட்டைப்பூளை' என்கிறேன். பிரெவிசிமஸ் என்றால் மிகக் குட்டையானது. இது முளைப்பதும் மழைநீர் தேங்கும் குட்டையில். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

சிறுபூளை தண்டுக்கீரைக் குடும்பமாயிற்றே, குழப்பம் வராதா என்று இங்கே அம்மா ஒருவர் கேட்டது நியாயம். வேம்புக்கும் நிலவேம்புக்கும் குடும்ப உறவு கிடையாது. கசப்பை வைத்துப் பெயரிட்டார்கள், யாரும் குழம்பவில்லை. உறவைச் சொல்ல இலத்தீன் பெயர் கூடவே இருக்கும்.

இச்செடி முளைக்கும் குட்டையை ஆங்கிலத்தில் வெர்னல் பூல் என்பார்கள்; வெர்னல் என்றால் இளவேனிலுக்குரியது. ஆனாலும் அதற்கு 'வேனிற்குட்டை' என்ற பெயர் வேண்டாம். கலிபோர்னியாவில் மழைக்காலமே குளிர்காலம்தான். அடியில் இறுகிக் கிடக்கும் களிப்படுகை நீரை இறங்க விடாது. மார்கழி, தையில் நிறைந்து நிற்கும் குட்டை இளவேனிலில் வற்றும். வற்ற வற்ற விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாகப் பூக்கள் வரும். வேனில் என்று சேர்த்தால் நம் வாசகர் கோடையில் நீர் நிற்பதாக எண்ணிக்கொள்வார். 'பருவக்குட்டை' என்றால் நிறைவதும் வற்றுவதும் இரண்டுமே அடங்கும். உழவுக்கும் வீட்டுமனைக்கும் நிரவியது போக மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றைப் பற்றித் தமிழில் எழுதச் சரியான சொல் வேண்டும்.

பாப்பஸுக்கு 'மயிர்க்குஞ்சம்' என்று எழுதிவருகிறேன். இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.