ஆழிப்பேரலை நினைவு நாளில், முதலில் உதவிக்கு ஓடி வந்தவர்களை எவ்வாறு நினைவுகூருவது?

கல்லடியான் (கேள்வி):
எங்களுடன் உயர்தரம் படித்த நண்பர்கள் சிலரை 2004 டிசம்பர் 26 காலையில் மட்டக்களப்பின் கடலோரப் பகுதிகளான நாவலடியிலும் டச்பாரிலும் இழந்தோம். ஆண்டுதோறும் அன்று காலை 9.25 மணிக்கு இரண்டு நிமிட மௌனத்தில் நின்று, விளக்கேற்றிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இம்முறை எங்கள் வகுப்பினர் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் வெளியிட எண்ணியிருக்கிறோம். நண்பர்களைப் பற்றி எழுதுவது எங்களுக்குக் கடினமன்று. ஆனால், வெள்ளம் வடிவதற்கு முன்பே வாவிக்குள் தோணிகளை இறக்கி, மரங்களையும் கூரைகளையும் பற்றிக் கிடந்தவர்களைக் கரை சேர்த்தவர்கள் யார் யாரென்று எங்களில் எவருக்கும் முழுமையாகத் தெரியாது. அவர்கள் சீருடை அணிந்தவர்கள் அல்லர். மீனவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், விளையாட்டுக் கழகப் பையன்கள். உதவப் போய்த் திரும்பாதவர்களும் உண்டு என்கிறார்கள். இவர்களை எப்படித் தேடுவது? தம்மைப் பற்றி எழுதப்படுவதை அவர்கள் விரும்புவார்களா?

காரைதீவு வாசகி:
தம்பி, நான் அப்போது அம்பாறை மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில் தாதியாகக் கடமையாற்றினேன். இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடையது. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஏழு மணியளவில். அலை இங்கே வருவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தும், இந்தியப் பெருங்கடலுக்கென்று எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லாதபடியால், திருவெம்பாவைப் பூசை முடித்து வீடு திரும்பியவர்களுக்கும் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களுக்கும் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியைக் கண்ட முதியவர்கள் காற்றுக்கு அஞ்சத் தெரிந்தவர்கள். காற்றே இல்லாத நாளில் கடல் எழும் என்பதை அவர்களும் அறிந்திருக்கவில்லை.

1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை தொடங்கியதே 2016இல்தான். அன்று காயப்பட்டவர்கள் உழவு இயந்திரப் பெட்டிகளிலும் லொறிகளிலும், கழற்றிய கதவுப் பலகைகளில் கிடத்தப்பட்டும் வந்தார்கள். நோயாளியின் பெயரையே பதிய முடியாத நிலையில், கொண்டுவந்தவரின் பெயரை யார் கேட்பது? ஆகையால், பதிவேடுகளில் தேடாமல் உயிர் பிழைத்தவர்களிடம் கேளுங்கள். எந்தச் சந்தியில், எந்த வாகனத்தில் ஏற்றப்பட்டோம் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாகனம் யாருடையது என்பதை ஊரார் சொல்வார்கள். வைத்தியசாலைச் சிற்றூழியர்களையும் விட்டுவிடாதீர்கள். தம் வீட்டார் என்ன ஆனார்கள் என்று அறியாமலே அவர்கள் பிரேத அறையில் நின்றார்கள்.

மருதமுனை வாசகர்:
சகோதரி சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உயிரோடிருந்தவர்களை எடுத்த பிறகு, ஜனாஸாக்களை (இறந்தவர்களின் உடல்களை) தேடி அடக்கும் வேலை நாட்கணக்கில் நீண்டது. யாருடையவை என்றே தெரியாத உடல்களையும் எங்கள் இளைஞர்கள் உரிய மரியாதையுடன் அடக்கினார்கள். காப்பாற்றியவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் அடக்கியவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எங்கள் மக்களிடையே படம் வைத்து மாலையிடும் வழக்கம் இல்லை; துஆ (பிரார்த்தனை) ஓதுவோம், ஸதகா (தர்மம்) கொடுப்போம். எனவே முஸ்லிம் நண்பர்களின் குடும்பத்தாரிடம் படம் கேட்பதற்கு முன், எழுத்து மட்டும் போதுமா என்று விசாரியுங்கள். அம்பாறைப் பக்கச் சிங்களக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பார்சல்களுடன் வந்தவர்களும் உங்கள் மலருக்கு உரியவர்களே. (பிறகு நிவாரணப் பங்கீட்டில் பட்ட மனக்கசப்பு வேறு கதை, அதை இங்கே இழுக்க நான் விரும்பவில்லை.)

வாவிக்கரையான்:
தம்பி, அன்று தோணியோடு போனவர்களில் நானும் ஒருவன். பொன்னாடை போர்த்தும் கூட்டத்துக்கு என்னை அழைத்தால் நான் வரமாட்டேன். நாலு பேர் ஏறக்கூடிய தோணிக்கு எட்டுப் பேர் கை நீட்டினால், யாரை முதலில் ஏற்றுவது என்று முடிவெடுத்தவன் அதற்காகப் பாராட்டு வாங்க முடியாது. எங்களில் பலர் பேச மறுப்பதற்குக் காரணம் தன்னடக்கம் என்று எழுதிவிடாதீர்கள். உதவப் போய் இறந்தவர்களின் பெயர்களை, குடும்பத்தார் சம்மதித்தால், முழுமையாக எழுதுங்கள். நண்பர்களின் பெயர்களுக்குக் கீழே அல்ல, அவற்றோடு கலந்தே எழுதுங்கள். உயிரோடிருப்பவர் மறுத்தால், பெயரை விட்டு, செய்த வேலையையும் இடத்தையும் மட்டும் குறியுங்கள்.

எங்களைத் தேடுவதற்கு 26ஆம் திகதி ஏற்ற நாளன்று. அன்று அதிகாரிகளும் கமராக்களும் வருவதால் நாங்கள் ஒதுங்கிவிடுவோம். அலை வந்தது மார்கழிப் பூரணை. எங்களில் பலர் அந்தத் திதியில்தான் கோயிலில் மோட்ச விளக்கு ஏற்றுகிறார்கள்.

கல்லடியான்:
ஐயா, அவ்வாறே செய்கிறோம். மேடை நிகழ்ச்சியைக் கைவிட்டு, மலரை வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். பூரணையன்று கோயிலுக்கு வருகிறேன். ஒலிப்பதிவுக் கருவி எதையும் கொண்டுவர மாட்டேன். அக்கா, உங்களுடன் பணியாற்றிய சிற்றூழியர்களில் பேச விரும்புபவர்கள் இருந்தால், அவர்களிடம் முதலில் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்.