கைமுறைச் சுரங்கத் தொழில் ஊருக்குள் வந்த பிறகு யார் உயர்கிறார்கள், யார் தாழ்கிறார்கள்?

வினா – பதிவிட்டவர்: ஊரக ஆய்வு மாணவி

அனைவருக்கும் வணக்கம். பெரிய இயந்திரங்கள் இன்றி, மண்வெட்டியும் கடப்பாரையும் கைகளுமாக நடைபெறும் சிறு சுரங்கத் தொழிலைப் பற்றி என் முதுகலை ஆய்வேட்டை எழுதி வருகிறேன். உலக வங்கியின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் இத்தொழிலில் நேரடியாக உழைக்கிறார்கள். பெருநிறுவனச் சுரங்கங்களில் வேலை செய்வோர் இதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை என்னும்போது, இதனை ஒரு ஓரத்துத் தொழிலாகக் கருதிவிட முடியாது.

நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை காட்டழிவையும் ஆற்றுநீர் கெடுவதையும் விரிவாகப் பேசுகின்றன. ஊருக்குள் மனிதர்களிடையே என்ன நிகழ்கிறது என்பதைச் சில பத்திகளில் முடித்துவிடுகின்றன. அந்தப் பத்திகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இத்தொழில் வேளாண்மையை அழிக்கிறது என்கிறார் ஒருவர். வேளாண்மையைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான் என்கிறார் மற்றொருவர். இவற்றில் எது சரி? அரசு தடை விதித்தால் ஊர் மீள்கிறதா? களத்தில் பணியாற்றியவர்களும் இத்துறையைத் தொடர்ந்து கவனித்து வருபவர்களும் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – பதிவிட்டவர்: செழியன்

இரண்டு கூற்றுகளும் வெவ்வேறு குடும்பங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை என்பதே என் கருத்து. மழைக்காலத்தில் உழுது, வறண்ட மாதங்களில் பொன் அரிக்கச் செல்லும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் நெடுங்காலமாக உள்ளது. சியரா லியோனில் வைரம் தேடுவோர் பலர் நெல் பயிரிடுவோராகவும் இருக்கிறார்கள். குழியில் கிடைக்கும் ரொக்கம் விதையாகவும் உரமாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறும் வீடுகளில் இரண்டு தொழில்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன. ஆனால் அதே ஊரில், கூலியாட்களை நம்பியே பயிர் செய்யும் கைம்பெண்ணோ முதியவரோ இருந்தால், இளைஞர்கள் அனைவரும் குழிக்குப் போய்விட்ட நிலையில் அவரால் களையெடுக்க ஆள் பிடிக்க முடியாது. அவருடைய வயல் தரிசாகிவிடும். ஊரின் சராசரி வருமானம் உயர்ந்திருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டும்; அவருடைய வறுமை அதில் தெரியாது.

மக்கள் ஏன் குழிக்குள் இறங்குகிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மங்கோலியாவில் 1999 முதல் 2002 வரை அடுத்தடுத்து வந்த கடுங்குளிர்காலங்களில் கால்நடைகள் இலட்சக்கணக்கில் மடிந்தபோது, மந்தையை இழந்த மேய்ப்பர்கள் பலர் பொன் தோண்டப் போனார்கள். வேறு வழி அடைபட்ட பிறகே அவர்கள் அந்த வேலையைத் தேர்ந்தார்கள். ஆகவே சுரங்கம் ஊரைக் கெடுத்ததா என்று கேட்பதற்கு முன், சுரங்கம் வருவதற்கு முன்பே அந்த ஊர் எவ்வளவு கெட்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

நீங்கள் மிகக் கூர்ந்து பார்க்க வேண்டியது கடன். தாது தென்படும் வரை தோண்டுபவர்களுக்கு உணவும் கருவிகளும் கொடுத்துவரும் முதலீட்டாளர் ஒருவர் பல இடங்களில் இருப்பார். தாது கிடைத்ததும் முதலில் அவருடைய செலவு கழிக்கப்படும், எஞ்சியதே பங்கிடப்படும். முன்பணம் கொடுத்த வணிகரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலும் இதனோடு சேர்ந்திருக்கும். ஒன்றும் அகப்படாத மாதங்களில் கடன் ஏறும். கடன் ஏறியவர் விதைப்பு நாட்களில்கூட வயலுக்குத் திரும்ப முடியாது. வேளாண்மையைத் தாங்கிய அதே தொழில் அதனை விழுங்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மறுமொழி 2 – பதிவிட்டவர்: சமூகநலச் செவிலியர்

செழியன் சொன்ன கடனை வழிமொழிகிறேன்; ஆனால் வீட்டிற்குள் நிகழ்வதைப் பேசாமல் ஊரைப் பற்றிய கணக்கு முடியாது. இத்தொழிலில் உழைப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். அவர்கள் குழிக்குள் இறங்குவது சில ஊர்களில் தீமை விளைவிக்கும் என்று நம்பப்படுகிறது. எனவே தாதைச் சுமத்தல், இடித்தல், சலித்தல், அரித்தல் ஆகிய வேலைகள் அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. பங்கு பிரிக்கும்போது குழியில் இறங்கியவருக்கே முதலிடம் என்பதால், தாதின் நச்சுத் தூசியோடு அதிக நேரம் பழகுபவருக்குக் கூலி குறைவாகவே கிடைக்கிறது.

நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு வெளிப்பட்ட துயரத்தை நீங்கள் அவசியம் வாசிக்க வேண்டும். அங்குக் கிடைத்த பொன் தாதில் ஈயம் மிகுந்திருந்தது. அதனை ஊருக்குள் கொண்டுவந்து, வீட்டு முற்றங்களிலும் மாவரைக்கும் இயந்திரங்களிலும் உலர்ந்த நிலையிலேயே அரைத்தார்கள். தூசி தரையிலும் பாத்திரங்களிலும் படிந்தது. தவழும் குழந்தைகள் அதனைக் கையால் தொட்டு வாயில் வைத்தார்கள். 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மருத்துவக் குழுக்கள் சிகிச்சை அளித்தபோதும், அதே முற்றத்துக்குத் திரும்பிய குழந்தையின் உடலில் ஈயம் மீண்டும் ஏறியது. ஆகவே முற்றங்களின் மேல்மண்ணையே அகற்ற வேண்டியதாயிற்று. வேலைக்கும் வீட்டிற்கும் இடையே எல்லை இல்லாமற்போவதே இங்கு நோயின் வேராக இருந்தது. அரைக்கும் இடத்தை ஊருக்கு வெளியே மாற்றுவதும், தாதை நனைத்து அரைப்பதும் எளிய செயல்கள்தாம் என்று தோன்றும். ஆனால் முற்றத்தில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே சம்பாதித்த தாய், குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வார் என்ற கேள்விக்கு விடை காணாமல் அந்த மாற்றம் நிலைக்காது.

பாதரசமும் அப்படியே. பொன் துகளைப் பாதரசத்தோடு பிசைந்து, பிறகு அந்தக் கலவையைச் சமையல் அடுப்பிலேயே சுடும் வழக்கம் பல நாடுகளில் காணப்படுகிறது. பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தபோது, திறந்த வெளியில் கலவையைச் சுடுவதையும் குடியிருப்புகளுக்குள் சுடுவதையும் ஒழிக்க வேண்டும் என்று அதில் தனியாகவே குறிப்பிடப்பட்டது.

மறுமொழி 3 – பதிவிட்டவர்: நிலச்சட்டம்

தடையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். காங்கோ மக்களாட்சிக் குடியரசின் கிழக்கு மாகாணங்களில், ஆயுதக் குழுக்களுக்குப் போகும் பணத்தை நிறுத்துவதற்காக, 2010 செப்டம்பரில் கைமுறைச் சுரங்கங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. 2011 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் சுரங்கக் கூலியை நம்பியிருந்த குடும்பங்கள் நொடித்துப்போயின. சுரங்கங்களைக் காவல் காக்க வந்த படையினரில் சிலர் தாங்களே தோண்டலை நடத்தினார்கள். கானாவிலும் 2017இல் விதிக்கப்பட்ட தடை 2018 இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டது. உரிமமின்றித் தோண்டுவது இன்றும் தொடர்கிறது.

கானா சிறு பொன் சுரங்கங்களைச் சட்டபூர்வமாக்கியது 1989லேயே என்பதை எண்ணிப் பாருங்கள். அப்படியிருந்தும் பெரும்பாலோர் உரிமமின்றியே தோண்டுவதற்குக் காரணம், உரிமம் பெறும் நடைமுறை நீண்டதாகவும் செலவு மிக்கதாகவும் இருப்பதும், தாது வளம் மிக்க நிலங்கள் முன்பே பெருநிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும்தான். உரிமம் இல்லாதவர் காவலருக்கும் தரகருக்கும் அஞ்சியே வாழ்கிறார். விபத்து நேர்ந்தாலும் முறையிடுவதில்லை.

செழியன் அவர்களிடம் ஒரு கருத்தில் வேறுபடுகிறேன். ரொக்கம் வயலுக்குத் திரும்புகிறது என்பது மேட்டு நிலத்தில் தோண்டும் இடங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். ஆற்றுப்படுகைகளில் தோண்டும்போது அழிவது ஊரின் மிகச் செழிப்பான மண். கானாவில் 2008க்குப் பிறகு மண்வாரி இயந்திரங்களோடு வெளிநாட்டுக் குழுக்களும் நுழைந்தபோது, கொக்கோ மரங்கள் நின்ற நிலங்கள் பள்ளங்களாயின. நிலத்தை விட்டுக்கொடுக்கும் உரிமை பாரம்பரியத் தலைவரிடமும், அதில் உழுதவரின் வாழ்வாதாரம் அவருடைய முடிவிலும் இருக்கும் ஊர்களில், பணம் ஒருவருக்கும் பள்ளம் மற்றவருக்கும் போய்ச் சேருகிறது. மூடப்படாத அந்தப் பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கொசு பெருகுகிறது. குழந்தைகள் தவறி விழுந்து மூழ்குகிறார்கள். தோண்டியவர் அடுத்த ஊருக்குப் போன பின்னும் பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன.

ஊரக ஆய்வு மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டுக்கு வீடு விளைவு மாறுகிறது என்றால், களத்தில் யாரிடமிருந்து தொடங்குவது?

செழியன்

ஆற்றுப்படுகை குறித்த திருத்தத்தை ஏற்கிறேன். தோண்டுபவர்களிடம் கடைசியாகச் செல்லுங்கள். முதலில், குழி இருந்தும் அதில் யாரையும் அனுப்பாத வீடுகளுக்குச் சென்று கேளுங்கள். விலைவாசி ஏறியதையும் வயலுக்கு ஆள் கிடைக்காததையும் அவர்களே தெளிவாகச் சொல்வார்கள். பிறகு, இடித்துப் போட்ட கழிவுக் குவியலை மீண்டும் அரித்துப் பார்க்கும் பெண்களிடம், அந்தக் குவியல் யாருக்குச் சொந்தம், அதற்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். விதைப்புக் காலத்தில் ஒரு முறையும் வறண்ட காலத்தில் ஒரு முறையும் போவது நல்லது; ஒரே பருவத்தில் மட்டும் போனால் பாதி ஊரைத்தான் பார்க்க முடியும்.