எந்தச் சத்தம் போக வேண்டும்? ஏஎன்சி இயர்பட்ஸ் அனுபவங்கள்

தாம்பரத்திலிருந்து:

தாம்பரத்தில் ஏறி கடற்கரையில் இறங்குகிறவன் நான். போக வர தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மின்சார ரயிலில். கடந்த ஒன்றரை வருடத்தில் இரண்டு ஜோடி இயர்பட்ஸ் வாங்கினேன். முதலாவது 1,800 ரூபாய், இரண்டாவது 7,500. வாங்கப் போகிறவர்கள் நிறையப் பேர் கேட்பதால் விவரமாகவே எழுதுகிறேன். உங்கள் அனுபவத்தையும் கீழே சேருங்கள்.

முதல் ஜோடியில் நடந்தது இது. டப்பாவில் கொட்டை எழுத்தில் 'இஎன்சி' என்று போட்டிருந்தது, கூடவே 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்றும். கடைக்காரரும் "ரயில் சத்தமே கேக்காது சார்" என்றார். போட்டுக்கொண்டு ஏறினால் சத்தம் அப்படியே இருந்தது. இஎன்சி (என்விரான்மென்டல் நாய்ஸ் கேன்சலேஷன்) என்பது நாம் போனில் பேசும்போது மைக்கில் விழும் சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைத்து, எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாகக் கொடுப்பது. நம் காதுக்கு அதனால் பயன் கிடையாது. நம் காதில் விழும் வெளிச் சத்தத்தைக் குறைப்பது ஏஎன்சி (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்). ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பது தவறு. மாதச் சம்பளத்தில் ஓடுகிற வீட்டுக்கு 1,800 ரூபாய் சின்னத் தொகை இல்லை.

இரண்டாவது ஜோடி உண்மையான ஏஎன்சி. பல்லாவரம் தாண்டி வண்டி வேகமெடுக்கும்போது ஆன் செய்தேன். பெட்டிக்கு அடியிலிருந்து வரும் அந்த 'ம்ம்ம்' என்ற உறுமல் அடங்கிவிட்டது. தலைச்சுமையை யாரோ கைகொடுத்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் சுண்டல் விற்பவரின் குரலும், எதிர் சீட்டில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருந்த போனும் முன்பைவிடத் தெளிவாகவே கேட்டன. பலர் இந்த இடத்தில்தான் பொருள் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

ஏஎன்சி வேலை செய்வது இப்படித்தான்: வெளியே பார்த்தபடி இருக்கும் மைக் சத்தத்தைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிரான அலையை எழுப்புகிறது. மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரவிவிடும். நல்ல ஜோடிகளில் காதுக்குள் பார்த்தபடி இன்னொரு மைக் இருந்து, மிச்சம் எவ்வளவு நுழைகிறது என்று கேட்டுத் திருத்திக்கொள்ளும். மோட்டார், ஏசி, மின்விசிறி என்று தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக ஓடும் சத்தத்துக்கு இது அருமையாக எடுபடும். சுருதி ஏற ஏற அலை குட்டையாகும், எதிர் அலையைத் துல்லியமாகப் பொருத்துவது கஷ்டம். ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே போனால் காதை அடைக்கும் ரப்பர் முனைதான் பெரும்பாலும் தடுக்க வேண்டும். டப்பாவில் '50 டெசிபெல் வரை' என்று இருந்தால் அந்த 'வரை'யைக் கவனியுங்கள். ஏதோ ஒரு சுருதியில் கிடைத்த உச்சம் அது, எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று அர்த்தம் இல்லை.

இந்த யோசனைக்கு ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூயெக் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 'போஸ்' ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸுக்கு இப்படி ஒரு ஹெட்போன் செய்யலாம் என்று தோன்றியது 1978-ல் ஒரு விமானப் பயணத்தில். 1989-ல் அவர் நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டைக் கொண்டுவந்தது. விமான உறுமலுக்கென்று பிறந்த பொருள் இது. நம் ரயிலின் அடிச்சத்தமும் அதே மாதிரி தாழ்ந்த சுருதியில் சீராக ஓடுவதால்தான் அதற்குக் கட்டுப்படுகிறது.

இனி ரப்பர் முனை. மூன்று அளவு கொடுப்பார்கள். பெரும்பாலோர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவிலேயே காலம் தள்ளுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறியை ஐந்தில் வைத்து நேர் கீழே உட்கார்ந்தேன். பாட்டு கிடையாது, ஏஎன்சி மட்டும் ஆன். பட்ஸை விரலால் லேசாக உள்ளே அழுத்தினேன். இடது பக்கம் மாற்றமில்லை. வலது பக்கம் அழுத்தியதும் விசிறிச் சத்தம் சட்டென்று இன்னும் இறங்கியது. விரலை எடுத்ததும் திரும்ப ஏறியது. அந்தப் பக்கம் சரியாக அடைக்கவில்லை. பெரிய முனையை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆக என் வலது காதுக்குப் பெரியது, இடதுக்கு நடு. வாயைத் திறந்து மூடியும் பாருங்கள். தாடை அசையும்போது அடைப்பு விட்டுப்போனால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது. கடையில் ஐந்து நிமிடம் பாட்டுக் கேட்டுப் பார்ப்பதைவிட இந்தச் சோதனையை நான் நம்புவேன்.

எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வால்யூம். முன்பு வயர் இயர்போனில் ரயிலுக்குள் 15-க்கு 12, 13 வைத்தால்தான் பேச்சு புரியும். இப்போது 6 போதும். 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் வெறும் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தை ரயிலிலேயே கழிக்கிற எனக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம்.

சோமனூரிலிருந்து:

வணக்கம்ங்க அண்ணா. எங்க வீட்டுச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுதுங்க, எங்களோடதுதான். நான் போட்டித் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். ஏஎன்சி போட்டதும் மோட்டார் சத்தம் சுத்தமா அடங்கிருச்சு. ஆனா ஊடு நூலைக் கொண்டு ஓடுற நாடா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடிபட்டுப் போற 'டக் டக்' மட்டும் தனியா தெரிய ஆரம்பிச்சுது. இத்தனை நாள் மோட்டார் உறுமல் அதை மூடி வச்சிருந்திருக்கு. முதல் ரெண்டு நாள் படிக்கவே முடியல. ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கிற நேரத்துல வந்து போயிருது, ஒரே சீரா ஓடுற சத்தத்தைப் பிடிக்கிற மாதிரி அதை இது பிடிக்கிறதில்லைங்க.

அப்புறம் மெமரி ஃபோம் முனை வாங்கினேன், 600 ரூபாய். விரல்ல உருட்டி நசுக்கி, காதுல வச்சு, அரை நிமிஷம் பிடிச்சுக்கணும். உள்ளயே மெல்ல விரிஞ்சு அடைச்சுக்கும். அதோட மழைச் சத்தம் ஒண்ணை ரொம்ப மெதுவா ஓட விடுறேன். அடி இருக்கு, ஆனா மங்கிப்போச்சு. இப்ப ஒரே மூச்சுல ஒன்றரை மணி நேரம் உக்காந்து படிக்க முடியுது.

இன்னொண்ணும் சொல்லணும்ங்க. அப்பா 25 வருஷமா தறியில நிக்கறாங்க. என் பட்ஸைப் பாத்துட்டு "இதைப் போட்டுட்டு நானும் தறி ஓட்டட்டுமா கண்ணு?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்ப்பான்னுட்டேன். தறி ஓடுற கொட்டகையில சத்தம் 90 டெசிபெல்லுக்கு மேல போகும். வேலை செய்யற இடத்துக்குன்னு வர்ற காதுக் கவசத்துல எவ்வளவு சத்தம் குறைக்கும்னு சோதிச்சு எண் போட்டிருப்பாங்க, என் பட்ஸுக்கு அப்படி ஒண்ணும் இல்லை. கோயமுத்தூர்ல பாதுகாப்புச் சாமான் விக்கற கடையில, காதை முழுசா மூடுற மஃப் ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கேன். பழகுறாங்களான்னு பாத்துட்டு எழுதறேன்.

மதுரையிலிருந்து:

நான் செவிலியர். மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி, பகலில்தான் தூக்கம். தெருச் சத்தம் தாங்காமல் பட்ஸ் வாங்கினேன். முதல் நாள் ஏஎன்சி ஆன் ஆனதும், கொடைக்கானல் மலையில் பஸ் ஏறும்போது காது அடைக்குமே, அப்படி ஓர் உணர்வு. உண்மையில் காதுக்குள் காற்றழுத்தம் மாறுவதில்லை. அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்ததால் நடுவில் வைத்தேன், ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

அதன் பிறகு வந்ததுதான் கஷ்டம். மூன்று மாதம் தினமும் ஆறு மணி நேரம் போட்டபடியே தூங்கினேன். வலது காதில் அரிப்பு, அப்புறம் வலி. காது மடலைத் தொட்டாலே வலித்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு வெளிக்காதுக் குழாயில் தொற்று என்றார். வியர்வை ஈரத்தோடு காற்றே புகாமல் அடைத்து வைத்திருந்ததுதான் காரணம். பத்து நாள் சொட்டு மருந்து, அதுவரை பட்ஸ் பக்கமே போகவில்லை. நம் ஊர் வெயிலுக்கு இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள். இப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து போடுவதில்லை. முனையைக் கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்டுகிறேன்.

ஒரு பக்கம் திடீரென்று சத்தம் குறைந்தால் உடனே சர்வீஸ் சென்டருக்கு ஓடாதீர்கள். பெரும்பாலும் பட்ஸில் சத்தம் வெளிவரும் வாயில் இருக்கும் வலைக்கம்பியில் காது அழுக்கு அடைத்திருக்கும். வலையைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தால் உதிர்ந்துவிடும். நிமிர்த்திப் பிடித்துத் துடைத்தால் அழுக்கு உள்ளே போய்விடும்.

திருச்சியிலிருந்து:

பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காற்று நேராக வெளி மைக்கில் அடிக்கும்போது 'புஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலை ஏஎன்சியே காதுக்குள் கொண்டுவரும். என் ஜோடியில் காற்றுக்கென்று தனி அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டால் கொஞ்சம் அடங்கும். இல்லாதவர்கள் அந்த நேரம் ஏஎன்சியை நிறுத்திவிடுவதே மேல். பைக்கில் போகும்போது நான் போடுவதே இல்லை.

தாம்பரத்திலிருந்து, மறுபடியும்:

பேட்டரி பற்றித் தனிச் செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். டப்பாவில் '40 மணி நேரம்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பட்ஸை வைத்துச் சார்ஜ் செய்யும் கேஸையும் சேர்த்து, ஏஎன்சி இல்லாமல் எடுத்த கணக்கு. ஒரு சார்ஜில் ஏஎன்சியோடு எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு வாங்கிய மாதம் ஐந்தரை மணி நேரம் வந்தது, இப்போது நாலரை. உள்ளே இருப்பது நகத்தளவு பேட்டரி, மாற்றித் தர நான் கேட்ட இடத்தில் யாரும் இல்லை.

மதுரை அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இன்று இரண்டு முனையையும் கழுவினேன். நன்றி அக்கா.

போன வாரம் எழும்பூரில் நடைமேடை மாற்றிச் சொன்ன அறிவிப்பு என் காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் தோளைத் தொட்டு "தம்பி, வண்டி அந்தப் பக்கம் வருது" என்று சொன்னதால் போய் ஏறினேன். அன்றிலிருந்து ரயிலுக்குள் உட்கார்ந்த பிறகுதான் ஏஎன்சி. நடைமேடையிலும் படிக்கட்டிலும் இரண்டும் கேஸுக்குள்.

சோமனூரிலிருந்து:

அண்ணா, சொன்னபடி எழுதறேன்ங்க. மஃப் முதல் நாலு நாள் தலையை இறுக்குதுன்னு அப்பா கழட்டிக் கழட்டி வச்சாங்க. அஞ்சாவது நாள்ல இருந்து மத்தியானம் வரைக்கும் போட்டுக்கறாங்க. நூல் அந்துபோனா தெரியாதேன்னு பயந்தாங்க, ஆனா தறி ஓட்டத்துல வர்ற மாத்தம் மஃப்புக்குள்ளயும் தெரியுதாம். நேத்து ராத்திரி தறி நிறுத்திட்டு வந்து நியூஸ் பாத்தாங்க. எப்பவும் டிவி சத்தம் 32-ல இருக்கும். நேத்து 24.