புதுப்பிப்பு: பழைய பாணி பேஸ் கிட்டார், மூன்று மாதம் கழித்து

1960களின் அமைப்பில் செய்த புது பிரெசிஷன் பேஸ் (ஃபெண்டர் நிறுவனம் கொண்டுவந்த பேஸ் கிட்டார் வகை) வாங்கியதையும், அதன் ஒலி கணகணவென்று கூராக இருப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். கம்பியை மாற்றிப் பாருங்கள் என்றீர்கள். மாற்றிவிட்டேன்.

இப்போது ஃபிளாட்வவுண்ட் கம்பிகள். மேல்சுற்று உருண்டைக் கம்பியாக இல்லாமல் தட்டைப் பட்டையாக இருப்பதால் விரல் நழுவும்போது கீச்சென்ற சத்தமே இல்லை. பிரிட்ஜுக்கு, அதாவது கிட்டார் உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகத்துக்கு, பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டும் செருகினேன். அப்புறம்தான் அந்த ஒலி வந்தது: ‘தும்’ என்று விழுந்து, உடனே அடங்கி, டிரம்முக்கு இடம் விடுகிறது. அமெரிக்க இசை நிறுவனமான மோடவுனின் பாடல்களில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததும் இப்படித்தான்: 1962 பிரெசிஷன், ஃபிளாட்வவுண்ட், பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்ச்.

ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பாகம்), ஒலியளவுக்கும் டோனுக்கும் இரண்டு குமிழ். 1957இல் இரண்டாகப் பிரித்து வைத்த அந்தப் பிக்கப் இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்கிறது. டோன் குமிழைப் பாதி குறைத்தால் போதும், வேறெதையும் தேடத் தோன்றவில்லை. எனக்கு இதன் அழகே இதுதான்.

சிரமமும் உண்டு. புதுக் கம்பிகளின் இழுவிசை அதிகம், கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளைந்துவிட்டது. இந்த வளைவைச் சரிசெய்ய கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருக்கிறது; பழைய அமைப்பில் அதன் திருகு கழுத்தின் அடியில், உடலுக்குள் மறைந்திருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி, கால் திருப்பு கொடுத்து, மறுபடி மாட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு தடவை செய்தேன். இப்போது சரியாக நிற்கிறது.

அடுத்து ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஒரு வாரம் வாசிக்கப் போகிறேன்.