மறுமொழி: கதைப்புத்தகப் பாத்திரங்கள வச்சு வர்ற சிறுவர் கணினி விளையாட்டு, என்ன பேர்?

> "கல்விசார் கதைமாந்தர் கணினி விளையாட்டு" என்று வைத்தால் பொருள் முழுமையாக வந்துவிடுகிறது.

ஐயா, நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு நீங்க சொன்ன இந்தப் பேர்ல பொருள் வருது, ஆனா கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டுகிட்டே போகுது. அது கூடப் பரவாயில்ல, சுருக்கிக்கலாம். எனக்கு இடிக்கிறது என்னன்னா ரெண்டு வேற வேற சரக்குக்கு ஒரே சீட்டு ஒட்டுறோம்.

ஆர்தர எடுத்துக்குங்க, மார்க் பிரவுன் படக்கதைல வர்ற கண்ணாடி போட்ட பையன் (நிஜத்துல அவன் ஆர்ட்வார்க்ங்கிற மிருகம், பாத்தா யாரும் சொல்ல மாட்டாங்க). கலிஃபோர்னியால இருந்த ப்ரோடர்பண்ட் கம்பெனி 1990கள் தொடக்கத்துல லிவிங் புக்ஸ்னு ஒரு சிடி வரிசை போட்டாங்க. 1992ல முதல்ல வந்தது மெர்சர் மேயரோட கதை, குட்டிப் பையன் பாட்டி கூட கடற்கரைக்குப் போறது, அது ஒரே வட்டுல ஆங்கிலம் ஸ்பானிஷ் ஜப்பான் மூணு மொழியிலயும் இருந்துச்சு. அப்புறம் ஆர்தர் ஸ்பெல்லிங் போட்டிக்குப் போற கதை. இதுல ஒவ்வொரு பக்கமும் அப்படியே புத்தகம்தான், வாசிச்சுக்கிட்டே வரும்போது வாசிக்கிற சொற்கள் திரையில நிறம் மாறும், வாசிச்சு முடிச்சதும் குழந்தை எந்தச் சொல்லத் தனியா சொடுக்குனாலும் அது மட்டும் திரும்ப ஒலிக்கும், படத்துல இருக்குற பொருளச் சொடுக்குனா அது ஏதாச்சும் கூத்தடிக்கும். மார்க்கு கிடையாது, ஜெயிக்கிறது தோக்குறது கிடையாது.

1998ல ப்ரோடர்பண்ட, தி லேர்னிங் கம்பெனிங்கிற இன்னொரு கல்வி மென்பொருள் நிறுவனம் வாங்கிடுச்சு. அவங்களும் அதே ஆர்தர் பேர்ல வட்டு போட்டாங்க, ஆனா அது வகுப்பு வாரியா முதல் வகுப்பு, ரெண்டாம் வகுப்புன்னு பாடப் பயிற்சி. அங்க கணக்கும் எழுத்தும்தான் சரக்கு, ஆர்தர் சும்மா அட்டைப்படம்.

ஒரே பாத்திரம், ரெண்டு சாதி. அதனால முதலாவதுக்கு கதையாட்டம், ரெண்டாவதுக்கு பாட விளையாட்டுன்னு பிரிச்சு வைப்போம்ங்கிறேன்.

--

> கதையாட்டம்

தம்பி, கரகாட்டம் மயிலாட்டம் வரிசையில் போய் நிற்கிறதே? நாட்டுப்புறக் கலை என்று நினைத்துவிடுவார்கள். "ஊடாடும் கதைநூல்" (அதாவது interactive storybook) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

--

ஐயா, ஆடுபுலி ஆட்டமும் சீட்டாட்டமும் அதே வரிசைலதான நிக்குது, அத யாரும் மேடையில தேடுறதில்ல. ஊடாடும்ங்கிறது கட்டுரைல எழுத நல்லாருக்கு, ஒத்துக்கிறேன், ஆனா வங்கி இயந்திரமும் ஊடாடும், ரயில் முன்பதிவுத் தளமும் ஊடாடும். கதையாட்டம்னா குழந்தையே "கதையாட்டம் போடலாமா"ன்னு கேக்கும், ஆட்டம் போடுறதுல இருக்குற அந்த சேட்டையும் சேந்தே வருது, லிவிங் புக்ஸ் பண்ணதும் அந்த சேட்டைதானே.

இன்னொண்ணு, பொத்தான்கள். அந்த வட்டுல தொடங்கும்போதே ரெண்டு வழி இருக்கும், ஒண்ணு வட்டு வாசிச்சுக் காட்டும், இன்னொண்ணுல நாமளே நோண்டிப் பாக்கலாம். இதுக்கு "வாசிப்பு முறைமை", "விளையாட்டு முறைமை"ன்னு யாரோ எழுதிருந்தீங்க, தயவுசெஞ்சு வேணாம். பொத்தான அமுக்கப் போறது குழந்தை, அது பேசுற மாதிரியே "வாசிச்சுக் காட்டு", "நான் விளையாடுறேன்"னு இருக்கட்டும். எழுத்துத் தமிழ்ல "வாசித்துக் காட்டு"ன்னு வேணும்னாலும் சரி, இலங்கைப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும், ஆனா முறைமை மட்டும் ஆகாது.

சொடுக்குனா அசையுற இடத்துக்கு "தொடுபுள்ளி"ன்னு வந்திருக்கு. அது புள்ளி இல்ல, ஒரு முழு ஜன்னலாவோ மரமாவோ இருக்கும், அதனால தொடுமிடம். சொடுக்கிடம்னும் யோசிச்சேன், இப்ப எல்லாம் விரல்தான், மவுஸ் எங்க இருக்கு.

ஆர்தர் கதைய யாராச்சும் தமிழ்ல பண்ண நெனச்சா அந்த ஸ்பெல்லிங் போட்டி உதைக்கும், நமக்கு எழுத்துக்கூட்டுற போட்டி அவ்வளவா பழக்கமில்ல, ல ள ழ, ர ற வச்சு ஏதாச்சும் பண்ணலாம். அதுக்குத் தனி இழை தொடங்குறேன்.

கதையாட்டம்-பாட விளையாட்டுப் பிரிவு, பொத்தான் பேரு, தொடுமிடம், இந்த மூணுக்கும் ஆட்சேபனை இருக்குறவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க, அப்புறம் பட்டியல்ல ஏத்திடுவேன்.